தலயாத்திரையும் உல்லாசப் பயணமும்: மனிதரைக் காணாத காட்சி

தமிழகத்துக் கோயில் நகரங்களுக்கும் மலைவாசத் தலங்களுக்கும் சென்று மீள்வது ஈழத்துத் தமிழ் நடுத்தர வர்க்கத்தினரின் வாழ்க்கையில் நெடுங்காலமாகவே ஓர் அங்கமாக இருந்து வந்துள்ளது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலிலும் அங்கிருந்து புகையிரதத்திலும் நம் முன்னோர் சென்றனர். 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்லலாயிற்று. 1980களின் யுத்தச் சூழலில் அதுவும் நின்றது. இன்று பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் செல்கின்றது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே பயணிகள் கப்பற் சேவை தொடக்கி வைக்கப்பட்டது. வழிகள் மாறினவேயன்றிப் பயணம் நின்றுவிடவில்லை.

நிற்காதது மட்டுமன்று, அது ஒரு வியாபாரமாகவும் வளர்ந்துள்ளது. பத்து நாளில் இருபத்தைந்து தலங்களைக் காட்டுவதாகக் கூறும் விளம்பரப் பிரசுரங்கள் நம் நகரங்களிற் சாதாரணமாகக் கிடைக்கின்றன. மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர், தஞ்சாவூர், சிதம்பரம், பழனி என்பன புண்ணியத்தின் பொருட்டு. கொடைக்கானலும் உதகமண்டலமும் இயற்கைக் காட்சியின் பொருட்டு. ஈற்றில் சென்னையின் சேலைக் கடைகள். புண்ணியம், காட்சி, கொள்வனவு ஆகிய மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன.

இக்கட்டுரை பயணத்துக்கோ பக்திக்கோ எதிராக எழுதப்படுவதன்று. கோபுரத்தையும் மலையையும் கண்டு, அவற்றை ஆக்கியோரையும் அவற்றின் நிழலில் வாழ்வோரையும் காணாது திரும்பும் பார்வையையே நாம் சாடுகின்றோம். அவ்வாறு காணாது விடப்படுவோரிற் கணிசமானோர் நம்மவர்களே என்பதுதான் இங்கு மனங்கொள்ளப்பட வேண்டியது.

தமிழில் பயணம் பற்றிய இலக்கியம் புதியதொன்றன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஒரு பெரும் பகுதியாக அமைந்துள்ளன. பரிசில் பெற்ற கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பாகும். அவ்வழியில் மலையும் கடலும் வயலும் வருணிக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அவ்வருணனை ஒருபோதும் ஆளற்ற வருணனையாக அமைவதில்லை. சிறுபாணாற்றுப்படையிலே நெய்தல் நிலத்துப் பரதவரும், எயினரும், மருத நிலத்து உழவரும் வழிச்செல்வோனுக்குத் தத்தம் உணவைத் தந்து உபசரிக்கின்றனர். மலைபடுகடாத்தின் மலைகளிலே கானவரும் குறவரும் வாழ்கின்றனர். ஒரு நிலத்தைக் காண்பது என்பது அந்நிலத்து மக்களின் உணவையும் உழைப்பையும் அறிவது என்னும் கருத்து அப்புலவர்க்கு இயல்பாக இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை பேசும் நாம், நமது பயணங்களில் அப்பார்வையை எங்கே தொலைத்தோம்?

தஞ்சாவூரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற இராசராசேச்சரத்தின் முன் நின்று நம்மவர் வழிகாட்டியிடம் கேட்டறிவது யாது? விமானத்தின் நிழல் நிலத்தில் விழுவதில்லை என்பதே. நிழல் விழுகின்றது என்பதை மாலை வெயிலில் அங்கு நிற்கும் எவரும் தம் கண்ணாலேயே காணலாம். எனினும் கண்ணாற் கண்டதை விட்டுக் காதாற் கேட்டதை ஊருக்குக் கொண்டு வருகின்றோம். அக்கோயிலின் சுவர்களோ உண்மையைப் பேசிக்கொண்டே நிற்கின்றன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டமையையும், அவர்தம் பெயர்களையும், எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதையும், ஒவ்வொரு பங்குக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதையும் அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கூறுமிடத்து, குளமும் வாய்க்காலும் சுடுகாடும் போலவே பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. உழைப்போர் ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டமைக்குக் கல்லிலேயே சான்று உள்ளது.

இவை நமக்குத் தொலைவான செய்திகளுமல்ல. இராசராசன் கைப்பற்றிய ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் இதே கோயிலுக்கு இறை செலுத்துமாறு விடப்பட்டமையை அச்சுவர்களிலேயே காணலாம். ஆகவே தஞ்சைக் கோயிலைத் 'தமிழன் பெருமை' என்ற இரு சொற்களால் வருணித்து மீளும் ஈழத் தமிழன், அப்பெருமைக்கு இந்நாட்டு உழவனும் நெல்லளந்தான் என்பதை அறியாதவனாகின்றான். அக்கலைப் படைப்பின் மேன்மையை இங்கு எவரும் மறுக்கவில்லை. 1987இல் அது உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டமை பொருத்தமானதே. மேன்மையை ஆக்கிய கைகளையும், அதற்கு ஊட்டிய களஞ்சியங்களையும் சேர்த்துக் காண்பதே ஒரு பல்கலைக்கழக மாணவனின் பார்வையாக இருத்தல் வேண்டும்.

இனி மதுரைக்கு வருவோம். மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் செல்லும் வரிசையில் நம்மவர் மணிக்கணக்கில் நிற்கின்றனர். முன்னே நிற்பவர் எக்குலம், பின்னே தோளோடு தோள் உரசி நிற்பவர் எக்குலம் என்று எவரும் வினவுவதில்லை; நம்மவரும் வினவுவதில்லை. இந்நிலை தானாக வந்ததன்று. 1939 ஜூலை 8ஆந் திகதி, அ. வைத்தியநாத ஐயர் தலைமையிலே கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோர் சிலரும் நாடார் ஒருவரும் அக்கோயிலினுள் நுழைந்தனர். வைதிகர் கடுமையாக எதிர்த்தனர். நுழைந்தோரையும் நுழைவித்தோரையும் பாதுகாக்க அவ்வாண்டே இராஜாஜி அரசு சட்டமியற்ற வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களை யாவர்க்கும் பொதுவாக்கியது. தெற்கே, சுசீந்திரத்தின் இசைத் தூண்களைக் கண்டு வியப்போர், அக்கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடக்கும் உரிமைக்காக 1926இல் அங்கு சத்தியாக்கிரகம் நிகழ்ந்ததை அறிந்திருப்பதில்லை. திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12ஆந் திகதியாகும்.

சிதம்பரத்துக்கும் யாழ்ப்பாணத்துச் சைவர்க்கும் உள்ள தொடர்பு மிக நெருங்கியது. ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அங்குள்ள மடங்களுக்கு யாழ்ப்பாணத்திற் காணிகள் எழுதி வைக்கப்பட்டன. அத்தகைய சிதம்பரத்தில் நிற்கும்போது, சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாரை நம்மவர் நினைப்பதுண்டு, கண்ணீர் விடுவதுமுண்டு. தீயில் மூழ்கி எழுந்த பின்னரே ஒரு பக்தன் உள்ளே செல்ல முடிந்தது என்ற கதையை இறைவனின் கருணைக்குச் சான்றாகக் கேட்டுப் பழகிவிட்டோம். அத்தீயை மூட்டுவித்தது எந்தச் சமுதாயம் என்ற வினா எழுவதில்லை. ஏனெனில் அவ்வினா எழுந்தால் அது சிதம்பரத்தோடு நில்லாது. நம்மோடு கப்பலேறி வந்துவிடும்.

நம்மூரில் நடந்தது யாது? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் நூலில் இருந்தது. கதவுகளோ மூடியே இருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து எழுந்த ஊர்வலமும், 1967இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமுமே அக்கதவுகளை அசைத்தன. மதுரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே திறந்துவிட்ட வாயில் வழியாகச் சென்று வழிபட்டு வந்தோரிற் பலர், மாவிட்டபுரத்தில் வாயிலை மூடி நின்றோருக்காகப் பரிந்து பேசினர். அவர்தம் யாத்திரை அவர்களுக்குக் கற்பித்தது யாது?

அது பழங்கதை என்று கூறுவோர் உளர். 2018ஆம் ஆண்டு தென்மராட்சிப் பகுதிக் கோயிலொன்றில் தேர் இயந்திரங்கொண்டு இழுக்கப்பட்டமை செய்தியாயிற்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடந்தொடுதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. வடம் பிடிக்க ஆள் போதாமையே காரணமென மறுதரப்பினர் கூறினர். அம்மறுப்பை ஏற்பினும் ஒரு வினா எஞ்சுகின்றது: நம் ஊர்களில் 'ஆள்' என்று கணக்கிடப்படுவோர் எவர்?

இராமேசுவரத்துக்குச் செல்லும் பஸ் வண்டி, பாம்பன் பாலத்தை அடையுமுன்னர் மண்டபத்தைக் கடந்தாக வேண்டும். பாலத்தைப் படம் பிடிப்பதற்காகப் பயணிகள் அவ்விடத்திலேயே ஆயத்தமாகின்றனர். மண்டபம் முகாம் பிரித்தானியர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளரைத் தொற்றுத்தடைக்காக நிறுத்திவைத்த இடமாகும். 1983இன் பின்னர் கடல் கடந்து ஓடிய நம் மக்கள் தங்கியதும் அங்கேயே. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஈழத்து அகதிகள் இன்றும் வாழ்கின்றனர். 2021இல் அம்முகாம்களின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது, அங்கு பிறந்து வளர்ந்த பலரின் குடியுரிமையற்ற நிலை மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழி செய்தது. இந்துக்களாயினும் இலங்கையிலிருந்து வந்தோர்க்கு அதில் இடமில்லை. இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடிப் பாவம் போக்கும் நம்மவர்க்கு, வழியில் இருந்த அந்தச் சுவருக்கு அப்பால் யார் இருந்தனர் என்பது தெரியாமலே போகின்றது.

புண்ணியத் தலங்களின் நிலை இவ்வாறாயின், இயற்கைக் காட்சியின் நிலை இன்னும் தெளிவானது. உதகமண்டலத்தைக் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் 1820களில் வெள்ளையர்க்குரிய குளிர்வாசத் தலமாக ஆக்கத் தொடங்கினார். தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்த மலை அது. இயற்கை என்று நாம் கண்டு களிக்கும் ஏரி, வெட்டுவித்த ஏரி. நாம் பச்சைக் கம்பளமென வருணிக்கும் சரிவுகள், காட்டை அழித்து நட்ட தேயிலை. 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு நீதிமன்ற ஆணையின்பேரில் அனுமதிச்சீட்டு முறை கொணரப்பட்டமை, அம்மலைகள் காட்சி காண்போரைச் சுமக்கும் எல்லையை அடைந்துவிட்டமையை உணர்த்துகின்றது. ஆயினும் நான் கூற விழைவது அதனினும் நம்மை நெருங்கிய ஒரு விடயத்தை.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் எதுவென எவரும் முன்னர்க் கேட்டிலர். அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பெருந்தொகையினர் நீலகிரியிற் குடியேறினர். தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டே 1968 முதல் உருவாக்கப்பட்டன. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் நாம் காணும் பச்சைக் கம்பளத்தை நெய்தவர்கள் நம் மலைநாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களே. இங்கே அவர்களை 'இந்தியாக்காரர்' என்றோம்; அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

சென்ற ஆண்டு எம் குடும்பத்தார் சென்ற சுற்றுலா வண்டி கோத்தகிரிச் சாலையோரத்தில், படம் எடுப்பதற்காகப் பத்து நிமிடம் நின்றது. கொழுந்துக் கூடையோடு நின்ற முதிய பெண் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு அருகே வந்தார். "சிலோன்ல இருந்தா வாறீங்க?" என்று வினவினார். கண்டிப் பக்கத்திற் படிக்கின்றேன் என்றேன். தாம் சிறுமியாக இருந்தபோது மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்ததாகக் கூறி, அத்தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் இருக்குதா தம்பி? ஆடித் திருவிழா எடுக்கிறாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து கோயில்களைக் காணக் கடல் கடந்து சென்றவனுக்கு, தான் பயிலும் பல்கலைக்கழகத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு கோயிலைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் இல்லை. பதுளைப் புகையிரதத்தில் அவ்வழியாற் பல முறை சென்றிருக்கின்றேன். ஜன்னலோரத்தில் அமர்ந்து மலைகளின் அழகைப் பார்த்திருக்கின்றேன். லயன்களை மரங்களுக்கிடையே ஒரு வெள்ளைக் கோடாக மட்டுமே கண்டிருக்கின்றேன். "பார்த்துச் சொல்லுறன் அம்மா" என்றேன். யாருக்கு, எவ்வாறு சொல்வேன் என்பதை அவரும் கேட்கவில்லை. வண்டி ஊதியது, ஏறிவிட்டேன்.

நான் கூறும் குற்றச்சாட்டில் முதற் குற்றவாளி நானே என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இந்நிகழ்ச்சியைக் கூறினேன். இனி, இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய இரு வாதங்களை நோக்குவோம்.

வழிபடச் செல்பவனுக்கு வரலாறும் சமூகவியலும் எதற்கு என்பது முதல் வாதம். இவ்வாதத்தைச் சைவ மரபே ஏற்காது. தலந்தோறும் நடந்த அப்பர் கையில் உழவாரப் படையேந்தி நடந்தார் என்பர். சம்பந்தரும் அப்பரும் திருவீழிமிழலையை அடைந்தபோது அங்கே பஞ்சம் நிலவியது. பஞ்சத்தைக் காணாதார் போல் அடுத்த தலத்துக்குச் செல்லாது, அங்கேயே தங்கி, படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர்கள் பத்து நாட் கால அட்டவணையோடு சென்றிருப்பின் அவ்வாறு தங்கியிரார்.

இரண்டாவது வாதம் கூடுதலான வலுவுடையது. அகதி முகாமையும் தோட்டத் தொழிலாளியையும் பார்க்கச் செல்வது, துன்பத்தையும் ஒரு காட்சிப் பொருளாக்குவதாகாதா என்பதே அது. ஆகும்; அவ்வாறு ஆகிவிடும் அபாயம் உண்டு. முகாமின் வாயிலில் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பது கோபுரத்தைப் படம் பிடிப்பதினும் இழிவானது. அதனை நான் வேண்டவில்லை. நான் வேண்டுவது அறிவையும், அவ்வறிவு சுமத்தும் பொறுப்பையுமே. அகதிகளின் குடியுரிமை பற்றி நம் ஏடுகள் எழுதுவதற்கு எவரும் அவர்களைப் படம் பிடிக்க வேண்டியதில்லை. கண்டும் அறியாதிருப்பதைக் கண்ணியம் என்று கூறித் தப்புதல் ஆகாது.

ஆகவே நமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, மாணவர் கல்விச் சுற்றுலா செல்லுமுன், செல்லும் ஒவ்வோர் இடத்தின் கல்வெட்டு, நிலவுடைமை, ஆலயப் பிரவேச வரலாறு ஆகியன பற்றிச் சிறு கைந்நூல் ஒன்று தயாரிக்கப்பட வேண்டும். வரலாற்று, தமிழ்த்துறை மாணவர் இணைந்தால் ஒரு விடுமுறைக் காலத்தில் இது முடியும். இரண்டாவது, கடல் கடக்குமுன் நம் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களையும், அவற்றின் திருவிழாக்களையும், காமன் கூத்தையும், அம்மக்களின் இடப்பெயர்வு வரலாற்றையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல் வேண்டும். பெயர்ந்து சென்றோர் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்ல அத்தகைய பதிவு ஒன்றாவது நம்மிடம் இருக்க வேண்டும். மூன்றாவது மிக எளியது. மிகக் கடினமானதும் அதுவே. மதுரையின் வரிசையில் பக்கத்தில் நிற்பவரின் சாதியைக் கேளாது நின்ற நாம், நம்மூர்க் கோயிலில், வடத்தின் அருகில், அன்னதானப் பந்தியில் அவ்வாறே நிற்போம் என்று உறுதி கொள்ள வேண்டும். உறுதி கொண்டதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கூறவும் வேண்டும்.

இவற்றைச் செய்யாது செல்லும் யாத்திரை இடம் மாறுதலேயன்றி வேறில்லை. கோத்தகிரிச் சாலையோரத்துப் பெண்ணுக்கு நான் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. வரும் ஆடி மாதத்தில் மஸ்கெலியாவுக்குச் செல்ல எண்ணியுள்ளேன். உடன் வர விரும்புவோர் வரலாம். அவ்வழியிலும் இயற்கைக் காட்சிகளுக்குக் குறைவில்லை.